நெல்லிப் பொடி போட்டால் விட்டமின் சி சீரம் போட்ட பலன் வருமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மகளுக்கு 19 வயது, தினமும் பஸ்ஸில் மதுரைக்குக் கல்லூரி போய் வருகிறாள். நெற்றியிலும் தாடையிலும் பரு, கன்னத்தில் வெயில் கருமை. கடையில் விற்கும் விட்டமின் சி சீரம் விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் கீழமாசி வீதியில் நலங்கு மாவுச் சாமான் வாங்கி அரைத்து, அதில் நெல்லிப் பொடியும் எலுமிச்சைச் சாறும் கலந்து தினமும் போடலாம் என்று நினைக்கிறார். "நெல்லியிலும் விட்டமின் சி இருக்கிறதே, அதே பலன் வராதா? கூடவே விட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தேய்க்கலாமா?" என்பது கேள்வி.

நான் பார்மசி கல்லூரியில் மூலிகைப் பாடம் நடத்தியவள். அதனால் முடிவை முதலில் சொல்லிவிட்டு, காரணத்தைப் பிறகு விரிக்கிறேன். நலங்கு மாவு தாராளமாகப் போடலாம், ஆனால் அதில் கார்போகரிசி என்ற ஒரு சாமானை மட்டும் எடுத்துவிட வேண்டும். எலுமிச்சை முகத்துக்கு வேண்டவே வேண்டாம். நெல்லிக்காயை மகள் சாப்பிடட்டும். மாத்திரையை உடைக்க வேண்டாம்.

விட்டமின் சி கணக்கைப் பார்ப்போம். சீரத்தில் அது 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். அதாவது 100 மில்லியில் குறைந்தது 10,000 மில்லிகிராம். எலுமிச்சைச் சாற்றில் 100 மில்லிக்கு 30 முதல் 50 மில்லிகிராம்தான் இருக்கிறது. இருநூறு மடங்கு வித்தியாசம். நெல்லிக்காய் நம் ஊர்ப் பழங்களிலேயே விட்டமின் சி மிகுந்தது, சந்தேகமில்லை. ஆனால் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அது ஒரு சதவீதத்தைத் தொடாது. அதுவும் பச்சைக் காயில். வெயிலில் காயவைத்து இடித்த பொடியில் பெரும்பகுதி போய்விடும், ஏனென்றால் வெயிலும் காற்றும்தான் விட்டமின் சி-க்கு முதல் எதிரிகள். எஞ்சியதும் தோலுக்குள் இறங்காது. 2001-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், விட்டமின் சி தோலுக்குள் போக வேண்டுமானால் கரைசலின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும், 20 சதவீதம் வரை அளவு கூடக் கூட உள்ளே போவதும் கூடும் என்று பன்றித் தோலில் வைத்துக் காட்டினார்கள். இதைச் சமையலறைக் கிண்ணத்தில் செய்ய வழியில்லை.

அப்படியென்றால் எலுமிச்சை புளிப்புத்தானே, பிஎச் குறைவுதானே என்று கேட்கலாம். குறைவுதான், இரண்டுக்குச் சற்று மேலே. ஆனால் அந்தப் புளிப்பு சிட்ரிக் அமிலத்தின் புளிப்பு. தோலை அரிக்கும், விட்டமினைத் தராது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. நாம் எலுமிச்சை என்று வாங்கும் சின்ன உருண்டைக் காய், மேல்நாட்டில் சாலட்டுக்குப் பிழியும் பெரிய மஞ்சள் பழம் இல்லை, வேறு இனம். இதன் தோலில் சோராலென் வகைப் பொருட்கள் நிறைய இருக்கின்றன. பிழியும்போது சாற்றோடு அவையும் வரும். அது தோலில் பட்டு, அதன்மேல் வெயில் பட்டால் அந்த இடம் வெந்து போகும். உடனே தெரியாது. மறுநாள் சிவந்து எரியும், இரண்டு மூன்று நாளில் கொப்புளம்கூட வரும், ஆறிய பிறகு கருந்தழும்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். கருமையைப் போக்கப் போட்ட பொருளே கருமையைக் கொண்டுவருகிறது. காலையில் எலுமிச்சை தேய்த்துவிட்டுப் பஸ் ஏறும் பெண்ணுக்கு நடப்பது இதுதான்.

சோராலென் என்றதும் நலங்கு மாவுக்கு வர வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியில் நான் அதிகம் கவலைப்படுவது அங்கேதான். கடையில் நலங்கு மாவுச் சாமான் என்று கேட்டால் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர் இவற்றோடு கார்போகரிசி என்று கறுத்த சின்ன விதையையும் கட்டித் தருவார்கள். வாசனைக்கும் தேமல், படைக்கும் நல்லது என்று சேர்ப்பது வழக்கம். இதே விதையைத்தான் வெண்புள்ளிக்கு மருந்தாகக் கொடுத்து, தடவியபின் வெயிலில் காட்டச் சொல்வார்கள். இன்றைய தோல் மருத்துவமும் வெண்புள்ளிக்கு சோராலென் கொடுத்து அளந்து புற ஊதா ஒளி காட்டுகிறது. தோலைக் கருக்க வைக்கத் தெரிந்த விதை இது. வெண்புள்ளிக்கு அது நன்மை. கன்னத்துக் கருமை போக வேண்டும் என்பவருக்கு நேர் எதிர்.

ஆனால் இந்த விதையை ஒரேயடியாகக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. சுருக்கத்துக்குப் பூசும் விட்டமின் ஏ வகையான ரெட்டினாலுக்கு மாற்று என்று உலகச் சந்தையில் இன்று கொண்டாடப்படும் பாகுச்சியால் இதிலிருந்துதான் வருகிறது. 1966-இலேயே இந்திய வேதியியலாளர்கள் அதைப் பிரித்தெடுத்து விட்டார்கள். பிறகு பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 44 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஓர் ஆய்வு 2019-இல் தோல் மருத்துவ இதழில் அச்சானது. 0.5 சதவீத பாகுச்சியால் க்ரீமை ஒரு பகுதியினர் தினம் இரண்டு வேளை போட்டார்கள், மற்றவர்கள் 0.5 சதவீத ரெட்டினால் ஒரு வேளை. சுருக்கமும் கருமையும் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தன. தோல் உரிதலும் எரிச்சலும் ரெட்டினால் போட்டவர்களுக்குத்தான் அதிகம். சின்ன ஆய்வுதான், இருந்தாலும் ஒழுங்காக நடத்தப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் போட்டது சுத்திகரித்த பாகுச்சியால். விதையை இடித்த பொடியில் பாகுச்சியாலும் இருக்கும், சோராலெனும் இருக்கும். ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க அம்மியாலோ மில்லாலோ முடியாது. அதனால் பகலில் வெளியே போகும் பெண்ணின் மாவில் கார்போகரிசி வேண்டாம். ஏற்கெனவே அரைத்தாகிவிட்டது என்றால் ராத்திரி மட்டும் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். முகத்துக்கு இல்லாமல் கை கால் முதுகுக்குப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

மற்றச் சாமான்களில் எனக்கு மிகவும் பிடித்தது பச்சைப்பயறு. பெரிய பேர் இல்லாத பொருள், ஆனால் நலங்கு மாவில் பாதி வேலையை அதுதான் செய்கிறது. நம் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பிஎச் ஐந்தையொட்டி இருக்கும். சோப்பு ஒன்பது, பத்து. அதுபோக நம் பக்கத்தில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து வெள்ளைப் பிசுக்காகத் தோலிலேயே படியும். குளித்த பிறகு முகம் இழுத்துப் பிடித்து வறட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். பயறு மாவு அப்படித் திரியாது. எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சிக்கொண்டு போகும், தோலின் சொந்த ஈரத்தை அவ்வளவாகத் தொடாது. பரு உள்ள முகத்துக்கு இது போதும். தலைக்கு அரப்பு போட்டுக் குளித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சொல்லாமலே தெரியும். உசில மரத்து இலையை உலர்த்தி இடித்த பொடி அது, உசிலம்பட்டிப் பக்கம் அந்த மரத்துக்கா பஞ்சம்.

அரைக்கும் இடத்தைப் பாருங்கள். மில்லில் முன்னால் மிளகாய் அரைத்த மிஷினில் நலங்கு மாவைப் போட்டால் முகம் பற்றி எரியும், குற்றம் மூலிகை மேல் வரும். சீயக்காய் அரைக்கத் தனி மிஷின் வைத்திருக்கும் மில்லாகத் தேடிப் போங்கள். அரைத்ததை மெல்லிய துணியில் சலித்துவிடுங்கள். பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் இவற்றின் நார் சல்லடைக்குத் தப்பி வந்துவிடும். பருவின் மேல் அந்தக் கரகரப்பைத் தேய்ப்பது பருவைக் கிழித்துப் பரப்பும் வேலை. தேய்க்காமல் குழைத்துப் பூசி, காய்வதற்கு முன்பே கழுவிவிட வேண்டும். மாவு காய்ந்து முகம் இறுகும்வரை உட்காருவது நல்லது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை, தோலின் ஈரத்தைத்தான் அது இழுக்கும். தண்ணீரில் குழைத்ததை எடுத்து வைத்து மறுநாள் போடவும் கூடாது, ஒரே ராத்திரியில் பூசணமும் கிருமியும் ஏறிவிடும்.

ஆவாரம்பூவை விட்டுவிட மனமில்லை. திருமங்கலத்திலிருந்து விருதுநகர் போகும் சாலையோரம் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும் இந்தச் செடியைத்தான் "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொல்லி வைத்தார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் இதுவே. இதன் பட்டையைத் தோல் பதனிடக் காலங்காலமாகப் பயன்படுத்தினார்கள், காரணம் அதிலுள்ள துவர்ப்பு. பூவிலும் அந்தத் துவர்ப்பு கொஞ்சம் உண்டு, அதனால்தான் பூசிக் கழுவியபின் முகம் இறுக்கமாகவும் எண்ணெய் வழியாமலும் தெரிகிறது. எண்ணெய் வழியும் முகத்துக்கு ஏற்றது. வறண்ட முகமென்றால் குறைத்துக்கொள்ளலாம். பெரிய சாலையோரப் புழுதியும் வண்டிப் புகையும் படிந்த பூவைப் பறிக்காமல், உள்ளே காட்டுப் பக்கம் போய்ப் பறியுங்கள்.

கஸ்தூரி மஞ்சளில் ஏமாற்று அதிகம். நல்ல கஸ்தூரி மஞ்சள் பொடி பளீர் மஞ்சளாக இருக்காது, வெளிறிய தந்த நிறத்தில் கற்பூரம் கலந்த வாசனையோடு இருக்கும். பளீரென்று இருந்தால் அது வேறு கிழங்கு, அல்லது சாயம். கிழங்காக வாங்கி நீங்களே இடிப்பது பத்திரம். சாதாரண மஞ்சளைப் பற்றிச் சொல்வதானால், அதன் குர்குமினுக்கு வீக்கத்தையும் சிவப்பையும் தணிக்கும் குணம் உண்டு. புண்ணுக்கு மஞ்சள் என்பதை 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமையாகவே வாங்கினார்கள். இது எங்கள் பாட்டிமாருக்கே தெரிந்த விஷயம் என்று இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைக் காட்டி வாதாடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. எனக்கு அதில் இன்றும் பெருமை. ஆனால் பருவுக்கு மஞ்சள் மருந்தாகிவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மாவில் ஒரு சிட்டிகை இருந்தால் போதும்.

வேப்பிலை, சோற்றுக் கற்றாழை இரண்டும் போடலாம். கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் அரிப்பைத் தரும். மடலைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து அதை வடியவிட்டு, கழுவி, நடுவிலுள்ள கண்ணாடி போன்ற சதையை மட்டும் எடுங்கள். வெயிலில் காந்திய முகத்துக்கு அது இதமாக இருக்கும். வேர்க்குருவுக்கு நுங்கு தடவுவதும் அதே மாதிரிதான், குளிர்ச்சி தரும், கெடுதல் இல்லை. வல்லாரையைத் துவையல் அரைக்க மட்டும் வாங்குகிறோம். கொரியாக்காரர்கள் 'சிகா' என்று பேர் வைத்து விற்கும் க்ரீம் எல்லாம் இந்த வல்லாரைச் சாரம்தான். காயம் ஆறவும் எரிச்சல் அடங்கவும் அதிலுள்ள ஆசியாட்டிகோசைடு உதவுகிறது. ஆனால் நேரடியாக இலையை அரைத்துப் பூசினால் சிலருக்கு அரிக்கும்.

அடுத்து விட்டமின் ஈ. மாத்திரையை உடைத்துத் தழும்பில் தேய்த்தால் மறையும் என்பது ஊரெல்லாம் பரவிவிட்டது. 1999-இல் வந்த சின்ன ஆய்வு ஒன்றில் 15 பேரின் அறுவைத் தழும்பில் பாதிக்கு வெறும் களிம்பும் பாதிக்கு விட்டமின் ஈ கலந்த களிம்பும் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குப் பலன் இல்லை, சிலருக்குத் தழும்பு மோசமானது, மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமை வந்தது. பரு உள்ள முகத்தில் அந்தக் கெட்டி எண்ணெய் துவாரத்தை அடைக்கவும் செய்யும். விட்டமின் ஈ வேண்டுமென்றால் நிலக்கடலை இருக்கிறது, எள் இருக்கிறது, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இருக்கிறது.

எண்ணெய் என்றதும் தேங்காய் எண்ணெய் நினைவுக்கு வரும். வறண்ட கை காலுக்கு அது நிஜமாகவே நல்லது. கரப்பான் உள்ள 117 குழந்தைகளை வைத்து எட்டு வாரம் நடந்த ஆய்வு 2014-இல் வந்தது. அதில் மினரல் எண்ணெய் தடவியவர்களைவிட 'விர்ஜின்' தேங்காய் எண்ணெய் தடவியவர்களுக்கே நன்றாகக் குணம் தெரிந்தது. ஆனால் பருவுள்ள முகத்தில் வேண்டாம். முதுகிலும் கழுத்திலும் தேமல் உள்ளவர்களும் தடவ வேண்டாம். தேமலை உண்டாக்கும் பூஞ்சை எண்ணெயைத் தின்று வளர்வது, நம் ஊர் வேர்வையோடு எண்ணெயும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

விட்டமின் ஏ விஷயத்தில் ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். ரெட்டினால் எந்தச் செடியிலும் கிடையாது. கேரட்டிலும் பப்பாளியிலும் முருங்கைக்கீரையிலும் இருப்பது கரோட்டின். அதைச் சாப்பிட்டால் குடலில் விட்டமின் ஏ ஆக மாறும், கன்னத்தில் அப்பினால் மாறாது. கீரையைக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பூவோ சேர்த்துச் சமைத்தால்தான் கரோட்டின் உடம்பில் சேரும், நம் வீட்டுப் பொரியல் செய்முறை அதற்குச் சரியாகவே அமைந்திருக்கிறது. முட்டியிலும் முழங்கையிலும் முள்முள்ளாகச் சொரசொரப்பு வரும் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். தவளைத் தோல் என்று மருத்துவர்கள் சொல்லும் அது சத்துக் குறைவின் அடையாளம், நல்ல கொழுப்பும் விட்டமின்களும் போதாமையால் வருவது. எந்த மாவைத் தேய்த்தாலும் அது போகாது, சாப்பாட்டைத் திருத்தினால் போகும்.

விட்டமின் சி-யும் அப்படித்தான். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உருவாக அது கட்டாயம் வேண்டும். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஒரு நெல்லிக்காய், அல்லது ஆயக்குடிக் கொய்யா ஒன்று, கணக்கு முடிந்தது. இரண்டும் சீசனில் பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே கூறுகட்டி விற்கிறார்கள். உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்டாலும் சரி, விட்டமின் குறையாது.

சரி, இவ்வளவும் சொன்ன பிறகு, கன்னத்துக் கருமைக்கு எதுதான் வழி? வெயிலை மறைப்பதுதான். மார்ச் முதல் மே வரை மதுரை நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும், அது அபாய அளவின் உச்சப் படி. எந்த மூலிகையும் சன்ஸ்கிரீன் வேலையைச் செய்யாது, மஞ்சளும் கேரட் எண்ணெயும் உள்பட. வீட்டில் ஒரு பொருளுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்றால் சீரத்தை மறந்துவிட்டு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால்தான் போதும், பொட்டு வைக்கிற அளவு போதாது. குடையும் துப்பட்டாவும் காசில்லாத சன்ஸ்கிரீன். இன்னொன்று, திருமங்கலத்திலிருந்து மதுரை வரும்போது காலை வெயில் வலப்பக்கம் விழும், சாயந்தரம் திரும்பும்போது மேற்கு வெயிலும் வலப்பக்கம்தான் விழும். இரண்டு வேளையும் இடப்பக்க இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள்.

கருமை என்ற சொல்லை நீங்கள் வெயில் கருமைக்குத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பிறவி நிறத்தை மாற்ற வேண்டும் என்று பெண்ணுக்குத் தோன்ற வைக்காதீர்கள். அந்த ஆசையில்தான் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பிள்ளைகள் வாங்கிப் பூசுகிறார்கள். ஒரே வாரத்தில் பளபளப்பு வரும், நிறுத்தினால் முகம் சிவந்து பரு கொத்தாக வெடிக்கும், தோல் மெலிந்து நரம்பு தெரியும். 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு உத்தரவு போட்டும் சீட்டில்லாமல் வாங்கிப் பூசுவது நிற்கவில்லை. மூலிகை க்ரீம் என்று பேர் போட்டிருந்தாலும் டப்பாவில் சேர்மானம் அச்சிடாமல் இருந்தால் தொடாதீர்கள்.

மாவு தயாரானதும் நேரே முகத்தில் போட வேண்டாம். முழங்கையின் உள்மடிப்பில் நான்கைந்து நாள் ஒரே இடத்தில் பூசிக் கழுவிப் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் முகத்துக்கு வாரம் மூன்று நாள், மற்ற நாள் வெறும் பயறு மாவு. ரோஜா இதழும் வெட்டிவேரும் வாசனைக்காகச் சேர்ப்பவை, அரிப்பு வந்தால் முதலில் அவற்றை நிறுத்திப் பார்க்கலாம். இயற்கை வாசனையும் ஒவ்வாமை தரும், நம் மதுரை மல்லியின் அத்தர்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இரண்டு மாதம் பார்த்தும் பரு குறையவில்லை, அல்லது பழுத்து வலிக்கிறது, அல்லது தாடையில் பருவோடு மாதவிலக்கும் தள்ளிப் போகிறது என்றால் மாவோடு நிற்காதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, செலவில்லாமல் பார்க்கலாம். போகும்போது இதுவரை முகத்தில் போட்ட எல்லாவற்றையும், நலங்கு மாவின் சாமான் பட்டியல் உள்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கார்போகரிசி சேர்த்திருந்தால் அதையும் மறக்காமல் எழுதுங்கள்.